டேங்கை 3 மீட்டர் உயர்த்தினால் கரண்ட் பில் எகிறுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இரண்டு மாடி வீடு எங்களுடையது. மேல்மாடி ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. மொட்டை மாடி டேங்கை ஸ்டாண்ட் போட்டு 3 மீட்டர் உயர்த்தலாம் என்றால், "கரண்ட் பில் எகிறிவிடும்" என்கிறார் கணவர். ஒன்பதாவது படிக்கும் மகளோ, "நிலை ஆற்றலுக்கு உயரம் வேண்டுமே, ஊரே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் மேலே இருக்கிறது, அதையும் சேர்க்கணுமா?" என்று கேட்கிறாள்.

பதில்: மகளுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்த்தாலும் தப்பில்லை, பயனும் இல்லை. 900-ஐ டேங்குக்குக் கூட்டினால், மோட்டார் தண்ணீர் எடுக்கும் தரையடித் தொட்டியான சம்ப்புக்கும் கூட்ட வேண்டும். கழிக்கும்போது அது காணாமல் போய்விடும். மோட்டாருக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையே உள்ள உயரம் மட்டும்தான்.

உங்கள் வீட்டில் அது சுமார் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டர் என்றால் 1,000 கிலோ. நிறை, ஈர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 12, மூன்றையும் பெருக்கினால் 1,17,600 ஜூல். உயரம் 15 ஆனால் 1,47,000. கால் பங்கு கூடுகிறது, கணவர் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்! தினம் ஒரு டேங்க் ஏற்றினால், கூடுதல் 29,400 ஜூல் மாதத்தில் கால் யூனிட்டைத் தொடாது. வீட்டு மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் முக்கால் பங்கை வீணாக்கினால்கூட ஒரு யூனிட்தான். அதற்காகவா வீட்டில் சண்டை?

உண்மையான செலவு உங்கள் சம்ப்புக்கு வருவதற்கு முன்பே ஆகிவிடுகிறது. காவிரி நீரைத் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் செய்கிறார்கள். அதே 1,000 லிட்டருக்குக் குறைந்தது 1.36 யூனிட், உங்கள் மோட்டார் செய்யும் வேலையைப் போல நாற்பது மடங்கு. தஞ்சாவூருக்குத் தானாக இறங்கி ஓடும் காவிரி இந்த ஊருக்கு மலையேறித்தான் வருகிறது.

சரி, ஷவருக்கு வருவோம். மேல்மாடி ஷவரிலிருந்து டேங்க் நீர்மட்டம் இப்போது 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அது 5 மீட்டராகும். அழுத்தம் இரண்டரை மடங்கு. வேகம் அதன் வர்க்கமூலம் என்பதால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கீழ்வீட்டில் ஏற்கெனவே 8 மீட்டர் இருக்கும், 11 ஆனால் பெரிதாகத் தெரியாது.

நான் கவலைப்படுவது ஸ்டாண்டைப் பற்றித்தான். நிரம்பிய டேங்க் ஒரு டன். ஸ்டாண்டின் கால்கள் தூண், பீம் மேல் உட்காருகின்றனவா என்று ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், மோட்டார் தகட்டில் 'ஹெட்' என்று, அதாவது தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்று, எத்தனை மீட்டர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் டேங்கின் மேல்வாய் வழியாக விழுவதால் அந்த வாய் வரைக்கும் உயரத்தை அளக்க வேண்டும், அடிப்பாகம் வரை அல்ல.