வாக்காளர் பட்டியலில் 'தகுதி நாள்' என்றால் என்ன? 18 வயது ஆனவுடனே ஏன் பெயர் சேர்வதில்லை?

எந்தத் தேதியில் உங்களுக்கு 18 முடிந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அதுதான் தகுதி நாள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ரொம்ப காலமாக ஜனவரி 1 என்ற ஒரே நாளைத்தான் வைத்திருந்தது. காரணம் எளிது: தினமும் யாருக்காவது பிறந்தநாள் வரும், அதற்காகப் பட்டியலைத் தினமும் திருத்திக்கொண்டிருக்க முடியாது, எங்காவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும்.

ஆனால் அந்தக் கோட்டில் மாட்டியவர்கள் பாவம். என் அக்கா மகன் பிறந்தது ஜனவரி 2. ஒரே ஒரு நாள்! அதற்காகக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருந்தான், நடுவில் வந்த தேர்தலில் அவன் கூட்டாளிகள் எல்லாம் விரலில் மையோடு வந்து வெறுப்பேற்றினார்கள்.

2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். ஊருக்கு ஒரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, விட்டால் மறுநாள்தான். இப்போது நாலு டிரிப் விடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. 17 முடிந்தவர்கள் பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுத்தும் வைக்கலாம். இதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தால் பாதிப் பேர் அலைய வேண்டியதில்லை.

அப்புறம், "ஆதார் இருக்கிறதே, 18 ஆனதும் பெயர் தானாக ஏறிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது, விண்ணப்பம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.