மார்க்கரால் வாட்டர்கலர் சாயலில் கேன்வாஸ் படம்

கேள்வி: ஹால் சுவர் வெறுமையாக இருக்கிறது. கேன்வாஸ் போர்டு வாங்கி வாட்டர்கலர் அடித்தேன், ஒட்டாமல் வழிந்துவிட்டது. பெர்மனென்ட் மார்க்கரில் தீட்டித் தண்ணீர் தொட்டால் கலர் கலையும் என்றார்கள். அதுவும் நடக்கவில்லை. அதிகச் செலவில்லாமல், பொங்கலுக்குள் என் ஒன்பது வயது மகளோடு சேர்ந்து இரண்டு படமாவது செய்ய வேண்டும். வழி சொல்லுங்கள். - வாசகி, திருநகர், மதுரை

பதில்: இரண்டு தடவையும் காலை வாரிவிட்டது தண்ணீர்தான். கடைக் கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சு ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். தாளைப்போல அது தண்ணீரை உறிஞ்சாது. பெர்மனென்ட் மார்க்கர் மையோ ஆல்கஹாலில் கரைந்த சாயம். காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது; ஆல்கஹால் பட்டால் உடனே இளகி ஓடும்.

மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கேளுங்கள். 70 சதவீதமே போதும். மதுரை வெயிலுக்கு அதுதான் தோது. மீதி தண்ணீர் என்பதால் கொஞ்சம் நிதானமாகக் காயும், கலர் நகர நேரம் கிடைக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்றால் லேபிளைப் பாருங்கள். சிலவற்றில் விளக்கெண்ணெய் சேர்ந்திருக்கும், படத்தில் பிசுக்கு நிற்கும். சானிடைசர் ஜெல் வேண்டவே வேண்டாம். மார்க்கரிலும் கவனம்: ஒயிட்போர்டு மார்க்கர் கை பட்டாலே உதிர்ந்துவிடும், பெயின்ட் மார்க்கர் கலையாது. நீலம், பச்சை, ஊதா, ரோஸ், ஆரஞ்சு என்று ஐந்து இருந்தால் தாராளம். கறுப்பை இப்போது எடுக்காதீர்கள், மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபேன் மட்டும் வேண்டாம், சொட்டு பரவுவதற்குள் காயவைத்துவிடும். வெயில் ஏறுமுன் காலையில் உட்காருவது நல்லது. மகள் மார்க்கர் தீட்டட்டும். ஸ்பிரிட் பாட்டில் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

தரையில் பழைய ஃப்ளெக்ஸ் ஒன்றை விரித்து, போர்டைச் சாய்க்காமல் படுக்கையாக வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் கலர் தீட்டினால் போதும். மீதி வெள்ளையாகக் கிடக்கட்டும், கலர் தானே அங்கே பரவும். வாட்டர்கலர் சாயலைத் தருவதே அந்த வெள்ளைதான். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

இனி டிராப்பரில் ஸ்பிரிட் எடுத்து ஒரே ஒரு சொட்டு விட்டுவிட்டுக் கையை எடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் சாயம் கரைந்து வெளியே தள்ளப்படும். நடுவில் வெளிர்ந்த வட்டம், ஓரத்தில் அடர்ந்த வளையம். காயக் காய ஓரம் இன்னும் கூர்மையாகும். உற்றுப் பார்த்தால் சுங்குடிப் புள்ளி போலவே இருக்கும். சுங்குடியில் சௌராஷ்டிரர்கள் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவார்கள். சாயம் முடிச்சுக்குள் ஏறாததால் வெள்ளைப் புள்ளி நிற்கும். இங்கே ஏறிய சாயத்தை ஸ்பிரிட் விலக்குகிறது. அதனால் ஒரு போர்டு முழுக்க ஊதாவோ மெரூனோ தீட்டி, காது குடையும் பட்ஸால் வரிசையாகப் புள்ளி வைத்துப் பாருங்கள். ஹாலுக்கு அந்த ஒரு படமே போதும் என்பேன்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். இரண்டாவது சுற்றுச் சொட்டு, முதல் சுற்று நன்றாகக் காய்ந்த பிறகுதான். நீலமும் பச்சையும், ரோஸும் ஆரஞ்சும் அழகாகச் சேரும். ஊதாவும் மஞ்சளும் கலந்தால் சேற்று நிறம். அப்படி ஆகிவிட்டால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுங்கள். முழுதாகப் போகாவிட்டாலும் வெளிறும்.

இரண்டாவது போர்டில் ரோஸ், ஆரஞ்சு கலந்து சாயங்கால வானம் செய்து, ஒருநாள் காயவிட்டு, அடியில் கறுப்பு அக்ரிலிக் பெயின்டால் யானைமலையை வரையலாம். படுத்த யானையின் தலை, முதுகு, அவ்வளவே. உங்கள் மகளே போட்டுவிடுவாள். இதற்கும் கறுப்பு மார்க்கர் வேண்டாம். அதிலுள்ள ஆல்கஹால் அடிக்கலரை மறுபடி இளக்கும். அக்ரிலிக் தண்ணீரில் கரைவது, அடிக்கலரைக் கலைக்காது.

மேலே வார்னிஷ் போடுவதானால் பிரஷ் தொடக் கூடாது, சாயம் இழுபடும். ஸ்பிரே அக்ரிலிக் வார்னிஷ், அதுவும் யூவி தாங்கும் வகை, மொட்டைமாடியில் ஓர் அடி தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். முதல் பூச்சு பனி படர்ந்த மாதிரி இருந்தால் போதும். காய்ந்தபின் இன்னும் இரண்டு பூச்சு.

வார்னிஷ் போட்டாலும் இந்தச் சாயம் நேர்வெயிலில் வெளிறும். 'பெர்மனென்ட்' என்பது தண்ணீருக்குத்தான், சூரியனுக்கு இல்லை. ஆகவே மேற்கு ஜன்னல் வெயில் விழும் சுவரை விட்டு, உள்சுவரில் மாட்டுங்கள். மாட்டும் முன் நிழலில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால், பிற்பாடு வெளிறினாலும் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம்.