கிரெடிட் கார்டு பாக்கிக்கு "கேஸ் போடுவோம்" என்று வசூல் ஏஜென்ட் மிரட்டினால் என்ன செய்வது?

வேலை போனதால் கார்டு பாக்கி கட்ட முடியவில்லை, ஏஜென்ட் தினமும் போன் செய்து "நாளைக்கே கேஸ், நாளைக்கே கைது" என்கிறார், வெளியே கடன் வாங்கியாவது கட்டிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அவசரப்படாதீர்கள். நானும் இதில் மாட்டி வெளியே வந்தவன்தான்.

எனக்கு முதலில் வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு படம். மேலே தராசு, சிவப்பு எழுத்தில் "இறுதி எச்சரிக்கை", கீழே 24 மணி நேரக் கெடு. அன்றிரவு முழுக்கத் தூக்கமில்லை. காலையில் என் மனைவிதான் அதைப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தாள். எந்த நீதிமன்றம் என்று போடவில்லை. வழக்கு எண்ணும் ஆஜராகும் தேதியும் காணோம். என் இனிஷியல்கூடத் தப்பு. ஏஜென்ட் ஆபீஸிலேயே தயாரித்த காகிதம் அது.

கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் பெரும்பாலான நாடுகளில் ஜெயிலில் போடுவதில்லை. ஆனால் செக் கொடுத்து அது திரும்பினால் நிலைமை வேறு. இந்தியாவில் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி அது குற்றம். அதனால் அவர் நச்சரிப்பு தாங்காமல் பின்தேதியிட்ட செக் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை போன் வந்தால், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கார்டு, அசல் எவ்வளவு, வட்டி, அபராதம் எவ்வளவு, வசூலிக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள். பழைய கடன்களை வங்கிகள் வேறு நிறுவனத்துக்கு விற்றுவிடுவது உண்டு, தப்பான ஆளிடம் கட்டினால் கடன் அப்படியே நிற்கும். நான் இப்படிக் கேட்ட பிறகு நான்கு நாள் போனே வரவில்லை, ஐந்தாம் நாள்தான் கணக்கு விவரம் வந்தது. அழைக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு: ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் காலை 8 முதல் இரவு 7 வரை, அமெரிக்காவில் காலை 8 முதல் இரவு 9 வரை. மீறி வரும் அழைப்புகளை நாள், நேரத்தோடு குறித்து வையுங்கள், புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.

பாக்கி பழையதா? வழக்குப் போடவும் காலக்கெடு உண்டு. இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு, இங்கிலாந்து, மலேசியா, சிங்கப்பூரில் 6 ஆண்டு, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். "சின்னதா ஒரு தொகை கட்டுங்க சார், மேலிடத்துல சொல்லி நிறுத்திடறேன்" என்று தன்மையாகவும் கேட்பார்கள். கெடு முடிவதற்குள் அப்படிக் கட்டினால், இந்தியா உட்படப் பல நாடுகளில் கெடு மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

அதற்காக எல்லாமே வெறும் மிரட்டல் என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். சில மாதம் கழித்து நிஜமாகவே சம்மன் வந்தது, முத்திரை, வழக்கு எண், தேதி எல்லாவற்றோடும். பயத்தில் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் பத்து நாள் தொடவில்லை. நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். பதில் சொல்லாவிட்டால் அவர்கள் கேட்ட தொகைக்கே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடலாம். அப்புறம் பல நாடுகளில் சம்பளத்தையோ வங்கிக் கணக்கையோ முடக்க வழி இருக்கிறது.

சம்மனுக்குப் பதில் சொல்லும் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது இலவசச் சட்ட உதவி மூலம் ஒரு வக்கீல் கிடைத்தார். பதில் மனு போட்டுக் கணக்கைக் கேட்டோம். ஒரே அபராதத்தை இரண்டு முறை சேர்த்திருந்தது அதில்தான் தெரிந்தது. கடைசியில் மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். பேசி முடித்த தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் தவணை கட்டினேன். எல்லாம் முடிந்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கினேன்.

உங்களுக்கு வந்திருப்பது வாட்ஸ்அப் படமா, சம்மனா என்று நீங்கள் எழுதவில்லை. சம்மன் என்றால் அதில் உள்ள தேதியை இப்போதே பார்த்துவிட்டு, இன்றைக்கே ஒரு வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.