அகேட்டாக மாறிய சுருள் ஓடு நாட்டிலாய்டா, அம்மோனைட்டா என்று எப்படி உறுதி செய்வது?

கல்லைப் படமெடுத்துக் காட்டினால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், யாரை நம்புவது, மெருகேற்றினால் அடையாளம் தெளிவாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு மெருகேற்ற வேண்டாம். உங்கள் கையில் இருப்பது, வெளி ஓடு பெரும்பாலும் உரிந்து, உள்ளறைகள் மட்டும் ஒளி ஊடுருவும் கல்லாக நிற்கும் ஒரு சுருள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாட்டிலாய்டு என்பது இன்றும் வாழும் நாட்டிலஸின் இனவழி; அம்மோனைட் என்பது அதைப் போலவே அறைகள் கொண்ட ஓட்டில் வாழ்ந்து அழிந்துபோன கடல்விலங்கு.

அது அகேட்தானா, அதாவது படலம் படலமாகப் படிந்த சிலிக்காக் கல்தானா என்பதை முதலில் பாருங்கள். விற்பனைக்கு வருபவற்றில் கணிசமானவை அகேட் அல்ல. மடகாஸ்கரிலிருந்து இரண்டாக அறுத்துப் பளபளப்பாக்கி வரும் கிரெட்டேசியஸ் காலத்து சைமட்டோசெராஸ் என்னும் நாட்டிலாய்டு ஓடுகள் பலவற்றின் அறைகளில் இருப்பது கால்சைட் என்னும் சுண்ணக் கனிமம். கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3, அகேட்டினுடையது 6.5 முதல் 7 வரை. ஆகவே எஃகுக் கத்தி முனை முன்னதைக் கீறும், பின்னதைக் கீறாது. கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் சோதியுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டுப் பொங்கினால் அது கால்சைட். ஆனால் அறைகள் அகேட்டாக இருந்தாலும் ஓட்டின் எச்சம் சுண்ணமாகவே இருக்கக்கூடும் என்பதால், அமிலத்தை ஊற்றி ஊற வைத்துவிடாதீர்கள். கண்ணைப் பறிக்கும் நீலமோ இளஞ்சிவப்போ தெரிந்து, அந்த நிறம் விரிசல்களில் மட்டும் அடர்ந்திருந்தால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

இனி அடையாளம். அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர் வெளி ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். அது நேராகவோ மெல்ல வளைந்தோ சென்றால் நாட்டிலாய்டு, நுணுக்கமாகக் கிளைத்து நெளிந்தால் அம்மோனைட் என்பது எல்லோரும் சொல்லும் விதி. விதியில் தவறில்லை; அதை மட்டுமே நம்பித் தீர்ப்புச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்று சொல்கிறேன். வியாபாரி ஒருவர் அனுப்பிய கற்களில் 'அம்மோனைட்' என்ற சீட்டுடன் ஒரு சுருள் இருந்தது. ஒவ்வொரு கோடும் பக்கவாட்டில் ஆழமாகப் பின்னோக்கி இறங்கிக் கூர்நாக்கு ஒன்றை உருவாக்கியிருந்தது. படத்தைப் பார்த்தவர்களில் அனுபவசாலிகள் எனப் பெயர் பெற்றவர்கள், இது கோனியாடைட் (அம்மோனைட்டுகளின் பழைய உறவு) என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கல்லைக் கையில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். உடைந்த முனையில் கடைசித் தடுப்புச் சுவர் அப்படியே தெரிந்தது. மென்மையான தூரிகையால் தண்ணீரில் மண்ணைக் கழுவி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸால் பார்த்தபோது, சுவரின் வெளி விளிம்பில் எதுவும் இல்லை. முந்தைய சுற்றை ஒட்டிய உள் ஓரத்தில், பழுப்பு நிற மண் அடைத்த ஒரு வட்டத் துளை இருந்தது. அதன் விளிம்பு புனல் போலப் பின்னறைக்குள் நீண்டு சென்றது.

அந்தத் துளைதான் சைபங்கிள் என்னும் குழல் சென்ற வழி. உயிரோடிருந்தபோது அறைகளிலிருந்த நீரை வெளியேற்றி, விலங்கு மிதப்பதற்கு உதவிய குழல் அது. அம்மோனைட்டுகளிலும் கோனியாடைட்டுகளிலும் அது சுருளின் வெளி விளிம்பை ஒட்டி ஓடும். இன்று வாழும் நாட்டிலஸில் ஏறத்தாழ நடுவில் ஓடும். உள் ஓரத்தில் ஓடும் குழலும் பக்கவாட்டில் கூர்நாக்கும் சேர்ந்து வந்தால் அது அட்டூரியா: பேலியோசீன் முதல் மயோசீன் வரை வாழ்ந்த, அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலக் கடற்படிவுகளிலும் கிடைக்கும் நாட்டிலாய்டு. அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த பிறகு தோன்றிய ஒன்றுக்குத்தான் அம்மோனைட் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

உடனே ஒருவர், கிளைமீனியாக்களுக்கும் குழல் உள் ஓரத்தில்தானே இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி, அன்று வந்தவற்றில் உருப்படியான கேள்வியும் அது ஒன்றுதான். அம்மோனைட்டும் கோனியாடைட்டும் அடங்கிய அம்மோனாய்டு என்னும் பெருங்குழுவைச் சேர்ந்த, பின் டெவோனியன் காலத்து அந்த விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு முந்தைய சுற்றுகள் வெளியே விரிந்து தெரியும். என்னுடையதில் கடைசிச் சுற்று மற்ற அனைத்தையும் மூடியிருந்தது. அதற்குப் பிறகு எவரும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

எதிர்த்திசைக் குழப்பம் இன்னும் மோசமானது; மெருகேற்ற வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணமும் அதுவே. அம்மோனைட்டின் தடுப்புச் சுவர் வெளி ஓட்டை நெருங்கும் ஓரத்தில்தான் மடிப்பு மடிப்பாக நெளிகிறது. உள்ளே போகப் போக மடிப்புகள் அடங்கிவிடும். மேற்பரப்பைச் சக்கரத்தில் தேய்க்கத் தேய்க்கக் கிளைகள் மறைந்து, எஞ்சுவது எளிய அலைக்கோடு. அளவுக்கு மீறித் தேய்த்த அம்மோனைட்டை நாட்டிலாய்டு என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. அத்தகைய கல்லில் குழலையும், தடுப்புச் சுவரின் வளைவையும் தவிர வேறு சாட்சி இல்லை. நடுவே அறுத்துப் பார்த்தால் நாட்டிலாய்டின் சுவர்கள் ஓட்டின் திறந்த வாயை நோக்கிக் குழிந்திருக்கும். பெரும்பாலான அம்மோனைட்டுகளில் வாயை நோக்கிப் புடைத்திருக்கும்.

முழுச் சுருளாக இல்லாமல் தனி அறை வார்ப்புகளாகக் கிடைத்தாலும் வீசிவிடாதீர்கள். ஓடும் சுவர்களும் கரைந்துபோக, அறையை நிரப்பிய அகேட் மட்டும் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் புடைத்த துண்டாக மிஞ்சும். குழல் சென்ற இடம் அதில் வேறு நிறப் புள்ளியாகத் தெரியும். சில துண்டுகளின் அடிப்பாதி மண்ணாகவும் மேல்பாதி அகேட் பட்டைகளாகவும் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள நேர்கோடு, அந்த ஓடு கடலடியில் எப்படிச் சாய்ந்து கிடந்தது என்பதைக் காட்டும். மண் படிந்த பிறகு மிஞ்சிய வெற்றிடத்தில், எரிமலைச் சாம்பலிலிருந்தோ கடற்பஞ்சுகளின் நுண்முட்களிலிருந்தோ கரைந்து வந்த சிலிக்கா, சுவரிலிருந்து உள்நோக்கிப் படலம் படலமாகப் படிந்தது என்ற வரலாறு அந்த ஒரு துண்டிலேயே இருக்கிறது.

நான் நிலவியல் பட்டம் பெற்றவன் அல்லன். பட்டம் பெற்றவர் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன், ஆனால் துளை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருத்தட்டும். என் மனக்குறை வேறு. சீட்டை மாற்றும்படி அந்த வியாபாரிக்கு எழுதினேன். அம்மோனைட் என்றால்தான் விற்கும் என்று பதில் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு என்ற குறிப்பைக் கிழித்து எறிந்திருந்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெயர் தவறென்றால் கல்லைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இடக்குறிப்பு போய்விட்டால் அதைக் கல்லிலிருந்து மீட்க வழியில்லை. பேரினத்தோடு நின்றுவிட வேண்டியதுதான், சிற்றினம் சொல்ல முடியாது. நீங்களே சேகரிப்பவராக இருந்தால், கல்லைப் பையில் போடும் முன்பே இடத்தையும் அடுக்கையும் எழுதிவிடுங்கள். அங்கே எடுக்க அனுமதி உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறுத்தே தீர வேண்டுமென்றால், தண்ணீர் ஓடும் வைர ரம்பத்தில் மட்டும் அறுங்கள். உலர்வாக அறுத்தால் எழும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். சரி நடுவில் அறுத்தால் ரம்பத்தின் தடிமனிலேயே குழல் போய்விடக்கூடும் என்பதால் ஒரு மயிரிழை தள்ளி அறுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், உடைந்த முனையை ஈரப்படுத்திப் பக்கவாட்டு ஒளியில் ஒரு படமும், சுருளின் முதுகுப்புறத்தை, அதாவது வெளி வளைவை, ஒரு படமும் எடுத்து, அளவுகோலோடு இங்கே போடுங்கள். இப்போது நீங்கள் போட்டிருக்கும் பக்கவாட்டுப் படத்தை வைத்து நானும் எந்தப் பெயரும் சொல்ல மாட்டேன்.