புரோட்டோகால் சாஃப்ட்வேர் டாக்குமென்ட் பழசாகாம பாத்துக்கறது எப்படி?

எழுதின கொஞ்ச நாள்லயே டாக் பழசாயிடுது, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல டாக்க கோட் இருக்கற அதே ரெப்போலயே (கோட சேமிச்சு வைக்கற இடம்) வைங்க, தனியா விக்கில போட்டா யாரும் எட்டிக்கூட பாக்க மாட்டாங்க.

நெட்ல டேட்டா அனுப்ப, வாங்க உதவற கர்ல்ங்கற டூலோட ப்ராஜெக்ட்ட பாருங்க. கமாண்ட் லைன் ஆப்ஷன் ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபைல், அதெல்லாத்தையும் சேத்துதான் மேன் பேஜே (கமாண்டுக்கான உதவிப் பக்கம்) ஜெனரேட் ஆகுது, ஒவ்வொரு ஃபைல் தலைலயும் இது எந்த வெர்ஷன்ல வந்துச்சுன்னு போட்டிருக்கும். அதுக்கு மேல டெஸ்ட் வேற: லைப்ரரில புது ஆப்ஷன் சேத்துட்டு மேன் பேஜ் எழுதாம விட்டா 1139ங்கற டெஸ்ட் ஃபெயில் ஆகும், ஹெடர் ஃபைல்ல புது சிம்பல் (கோட்ல பயன்படுத்தற பேரு) போட்டுட்டு வெர்ஷன் லிஸ்ட்ல சேக்க மறந்தா 1119 மாட்டிவிடும். மனுஷ ஞாபகத்த நம்பல பாருங்க, அதான் விஷயம். "ரிவ்யூல பாத்துக்கலாம்"னு சொல்ற டீம்ல ஒண்ணும் நடக்காது, என்னக் கேட்டா.

நிறைய பேர் கோட்டை விடறது ஆர்எஃப்சி (இன்டர்நெட் புரோட்டோகால் எப்படி இருக்கணும்னு சொல்ற டாக்குமென்ட்) நம்பர்ல. ஹெச்டிடிபி 1.1க்கு 1999ல வந்த 2616 இன்னமும் கமென்ட்ல கிடக்கும், ஆனா 2014லயே அத 7230லேர்ந்து 7235 வரைக்கும் ஆறா பிரிச்சுட்டாங்க, 2022ல அதுவும் போய் 9110, 9111, 9112ன்னு ஆயிடுச்சு. நெட்ல டேட்டாவ ஒழுங்கா கொண்டு சேக்கற டிசிபிக்கும் அப்படித்தான், 1981ல வந்த 793க்கு பதிலா 2022ல 9293 வந்துடுச்சு. மாத்தும்போது வெறும் ஆர்எஃப்சி நம்பர மட்டும் மாத்திட்டு போயிடாதீங்க, உள்ள செக்ஷனெல்லாம் இடம் மாறியிருக்கும். ரிலீசுக்கு முன்னாடி ரெப்போ முழுக்க ஒரு கிரெப் (ஃபைல்ல வார்த்தை தேடற கமாண்ட்) போட்டு, ஆர்எஃப்சி எடிட்டர் சைட்டோட ஒத்துப்பாருங்க, எரேட்டாவும் (பிழைத் திருத்தப் பட்டியல்) அங்கயேதான் இருக்கும்.