பாட்டாவின் மடக்கு கேமரா விலை போகுமா?

தக்கலை வீட்டு மச்சில் பாட்டாவின் அக்ஃபா ஐசோலெட் மடக்கு கேமரா கிடைத்தது, பழசானதால் நல்ல விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழசு என்பது மட்டும் போதாது. ஐசோலெட் ஏராளமாக விற்ற கேமரா. லென்ஸைச் சுற்றியுள்ள எழுத்தைப் படியுங்கள். அக்னார், அப்போட்டார் என்றால் மூன்று கண்ணாடி லென்ஸ், சாதாரணம். சோலினார் என்றால் நான்கு, மதிப்பு கூடும். தூரமானி (எடுக்கும் பொருளின் தூரத்தை அளக்கும் கருவி) லென்ஸோடு இணைந்த சூப்பர் ஐசோலெட்டைத்தான் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள்.

அப்புறம் துருத்தி, அதாவது லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்பு உறை. அதுதான் கேமராவின் உயிர். இருட்டறையில் பின்மூடியைத் திறந்து, மொபைல் டார்ச்சை உள்ளே காட்டி, மடிப்பு மூலைகளை வெளியிலிருந்து பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் படம் கெடும். ஐசோலெட்டில் இது ரொம்ப சகஜம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றும் உண்டு. அதனால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் விலை பாதியாகக்கூட இறங்கலாம். ஃபோகஸ் வளையம் சுற்றவில்லையா? பலம் கொடுத்துத் திருகாதீர்கள், தயவுசெய்து. பழைய கிரீஸ் பிசின் போல இறுகியிருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். சரியாகிவிட்டால், இதில் போடும் 120 அளவு பிலிம் இன்றும் கிடைக்கிறது, விற்பதற்கு முன் ஒரு ரோலாவது எடுத்துப் பாருங்கள்.