மீக்கடத்தி டேப்பின் ஏ.சி. இழப்பு: கேள்வி-பதில்

கே: நாரிஸ் சூத்திரம் (மாறுதிசை மின்னோட்டத்தில் மீக்கடத்தி வெப்பமாக இழக்கும் ஆற்றலைக் கணிப்பது) சொல்வதைவிட எனக்கு இழப்பு 4 மடங்கு வருகிறது. டேப் பழுதா?

ப: டேப்பில் பழுதில்லை. உச்ச மின்னோட்டம் போட வேண்டிய இடத்தில் ஆர்.எம்.எஸ். (உச்சத்தை ரூட் 2-ஆல் வகுத்தது) போட்டிருக்கிறீர்கள். டேப் போன்ற பட்டைக்கான சூத்திரம் குறைந்த மின்னோட்டத்தில் நான்காம் படியில் ஏறும். ரூட் 2-ன் நான்காம் படி 4.

கே: மின்னழுத்தம் அளக்கும் கம்பியை டேப்போடு ஒட்டியே கொண்டுவந்தேன். இரைச்சலே இல்லை. சரிதானே?

ப: இல்லை. நடுக்கோட்டில் ஒட்டினால் இழப்பு ஏறக்குறைய பூஜ்யம் காட்டும், விளிம்பில் ஒட்டினால் கூடக் காட்டும். 4 மி.மீ. டேப் என்றால் நடுவிலிருந்து 6 மி.மீ.யாவது பக்கவாட்டில் விலக்கி, இணையாக ஓட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து முறுக்குங்கள்.

கே: லாக்-இன்னில் (ஒரே அதிர்வெண்ணின் சிக்னலை ஃபேஸ் பிரித்து அளக்கும் கருவி) ஆட்டோ ஃபேஸ் (சிக்னல் முழுவதையும் எக்ஸ் பக்கம் திருப்பும் பட்டன்) அழுத்தியதும் 400 மைக்ரோவோல்ட் அழகாக நிற்கிறது. இதிலிருந்து இழப்பைக் கணக்கிடலாமா?

ப: அந்தப் பட்டனை யார் கண்டுபிடித்தார்களோ! நீங்கள் அளந்தது இழப்பை அல்ல, தூண்டல் மின்னழுத்தத்தை. கணக்குப் பாருங்கள்: மாறுநிலை மின்னோட்டம் (மீக்கடத்தி தடையின்றித் தாங்கும் அதிகபட்சம்) 100 ஆம்பியர், ஓடுவது உச்சம் 50, 50 ஹெர்ட்ஸ், முனைகளுக்கிடையே 10 செ.மீ. இழப்பு மின்னழுத்தம் 6, 7 மைக்ரோவோல்ட்தான். மீதியெல்லாம் 90 பாகை தள்ளி நிற்கும் தூண்டல். ஃபேஸ் 1 பாகை பிசகினாலே 7 மைக்ரோவோல்ட் கலந்துவிடும். விடை இரட்டிப்பாகும், அல்லது காணாமல் போகும். மின்னோட்டக் கம்பியில் ரோகோவ்ஸ்கி சுருள் (மின்னோட்டத்திலிருந்து 90 பாகை தள்ளி மின்னழுத்தம் தருவது) மாட்டி, அதன் சிக்னலுக்கு மட்டும் ஆட்டோ ஃபேஸ் அழுத்துங்கள். பிறகு டேப்பின் சிக்னலை மாற்றிச் செருகினால், ஒய் பக்கம் (எக்ஸிலிருந்து 90 பாகை தள்ளிய பாகம்) வருவதே இழப்பு. ஈடுசெய்யும் சுருளால் (தூண்டலுக்கு எதிரான மின்னழுத்தம் தருவது) தூண்டலை ஐம்பதில் ஒரு பங்காகவாவது குறைத்துவிட்டுப் படியுங்கள். மின்னோட்டத்துக்கு எதிராக இழப்பைப் போட்ட லாக்-லாக் வரைபடத்தில் குறைந்த மின்னோட்டத்தில் சரிவு 3, 4 வராமல் 2 வந்தால் முதலில் ஃபேஸைச் சந்தேகியுங்கள்.

கே: 50, 100, 200 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கான இழப்பு மாறவில்லை. ஹிஸ்டெரிசிஸ் (காந்தப்புலம் மீக்கடத்திக்குள் ஏறி இறங்குவதால் வரும் இழப்பு) என்று முடிவுகட்டலாமா?

ப: மாறாத ஃபேஸ் பிழையும் இதே மாதிரிதான் வேஷம் போடும். முந்தைய பதிலை மறுபடி படியுங்கள்.

கே: டேப்பைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் எவ்வளவு ஆவியாகிறது என்று அளந்தால் போதாதா?

ப: 1 வாட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. வாயு. மேலே சொன்ன டேப் மீட்டருக்கு 2 மில்லிவாட், அதாவது அரை மி.லி. கிரையோஸ்டாட்டுக்குள் (குளிர்க்கலத்துக்குள்) கசியும் வெப்பமே அதை விழுங்கிவிடும். பெரிய சுருள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சால்டர் வைத்தபின் மாறுநிலை மின்னோட்டம் 100-லிருந்து 70 ஆனது. ஏன்?

ப: என்ன சால்டர், எத்தனை டிகிரி என்று எழுதாமல் கேட்டால் ஜோசியமா பார்ப்பது? 138 டிகிரியில் உருகும் பிஸ்மத்-வெள்ளீயம் எடுங்கள், சூட்டுக்கோலை டேப்பில் நிறுத்தி வைக்காதீர்கள். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். மின்னழுத்தக் கம்பி மறுபடி 6 மி.மீ. தள்ளி!